நம்ம ஊரில் பார்க்கவேண்டிய இடங்கள்

1

வெலிங்டன் துறைமுகத்தில் பெரிய சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில் எனக்கு உட்கார நேரம் கிடைக்காது. நான் வேலை பார்ப்பது பயணிகளுக்கான தகவல் மையத்தில். கப்பலிலிருந்து இறங்கும் முதியவர்கள் வரிசையில் வந்து, ஒரு பகலுக்குள் இந்த ஊரில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்பார்கள். நான் வரைபடத்தை விரித்துப் பேனாவால் வட்டம் போட்டுத் தருவேன். மலைமேல் ஏறும் கேபிள் கார், அதன் உச்சியில் தாவரத் தோட்டம், துறைமுகத்தை ஒட்டிய பெரிய அருங்காட்சியகம், நேரம் மிச்சமிருந்தால் பாறைகளில் சோம்பேறியாகப் படுத்திருக்கும் கடல்நாய்கள். கடைசியில் "எங்கள் ஊரில் காற்று அதிகம், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு நகைச்சுவை. வருடக்கணக்காக அதே நகைச்சுவைதான். கேட்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பழசாகவில்லை.

நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பாதிப் பேரின் கதை அதுதான், உங்கள் சொந்தத்திலேயே ஒருவர் இருப்பார்.

போன டிசம்பரில் ஒரு மூதாட்டி வந்தார். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். இந்த ஊர்தான் என்று சொன்னால் "சரி, உண்மையில் எந்த ஊர்?" என்ற அடுத்த கேள்வி வரும். நேரத்தை மிச்சப்படுத்த நேராகவே சென்னை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து அவர் ஏறப்போகும் கப்பல் சென்னைக்கும் போகிறதாம். ஒரே ஒரு பகல்தான் நிற்குமாம். என்ன பார்க்கலாம்?

பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்துவிட்டேன். வட்டம் போட எதுவும் தெரியவில்லை.

"கடற்கரை" என்றேன். கடற்கரை இங்கேயே இருக்கிறதே என்றார். "அருங்காட்சியகம்" என்றேன். அதில் என்ன விசேஷம் என்றார். நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடும், அதன் கீழே நான் தொலைத்த பச்சை வாட்டர் பாட்டிலும் தவிர எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை. "திமிங்கலம்" என்றேன். அவர் நாகரிகமானவர். நன்றி சொல்லிவிட்டு, கேபிள் காருக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு நகர்ந்தார்.

உண்மையில் நான் சென்னையே இல்லை. சேலையூர். தாம்பரத்திலிருந்து கேம்ப் ரோடு பக்கம் திரும்பினால் வரும் ஊர். எங்கள் வீட்டில் மெரினாவுக்குப் போவதை "மெட்ராஸுக்குப் போறோம்" என்றுதான் சொல்வார்கள், புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். இப்போது தாம்பரமே தனி மாநகராட்சி ஆகிவிட்டது, கடல் மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை. இதையெல்லாம் வெளிநாட்டில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதால், தாம்பரத்து ஆட்கள் எல்லோரையும்போல நானும் விமானம் ஏறியதும் சென்னைக்காரி ஆகிவிட்டேன்.

2

அன்று சாயங்காலம் மகள் மாயாவிடம் இதைச் சொன்னேன். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். படிப்பு முடித்து டொரான்டோவில் வேலை கிடைத்து, கிளம்பத் தயாராக இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா, டொரான்டோ போறதுக்கு முன்னாடி உங்க ஊரை ஒருவாட்டி ஒழுங்கா பாத்துடறேன்."

சுருக்கென்றது எனக்கு. 'பாத்துடறேன்' என்பது கரண்ட் பில் கட்டிவிடுகிறேன் என்பதைப் போன்ற பேச்சு. ஒரு தடவை முடித்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் போகவேண்டாம். அது போகட்டும். 'உங்க ஊர்' என்றாளே, அதுதான் உள்ளே போய்க் குத்தியது.

நம்ம, எங்க என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நான் இந்தப் பெண்ணோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊரில் வளரும் குழந்தைக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நம்ம, அவரை வெளியே நிறுத்தினால் எங்க. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் மாயாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஐந்து வயதில் அண்ணனிடம் போனில் "மாமா, நம்ம அம்மா தூங்கறாங்க" என்று சொல்லி என்னை அவருக்கும் அம்மா ஆக்கினாள். கடைத்தெருவில் என் கையைப் பிடித்து இழுத்து "வாங்கம்மா, எங்க வீட்டுக்குப் போலாம்" என்று என்னை விருந்தாளி ஆக்கினாள். ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். சோற்றுத் தட்டின் முன்னால் உட்காரவைத்து, சமையலறை முழுக்கக் காட்டி, இது நம்ம, அது எங்க என்று பாடம் நடத்தினேன். கடைசியில் அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டபின் என்னிடம் சேலையூரைப் பற்றிப் பேசும்போது அவள் தேர்ந்தெடுத்தது நம்ம ஊர் இல்லை, உங்க ஊர்.

அதனால் இந்தப் பயணத்தில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. திரும்புவதற்குள் அவள் வாயால் ஒரு தடவை 'நம்ம ஊர்' வரவேண்டும். வந்தால் டொரான்டோ என்ன, வடதுருவத்துக்கே போகட்டும்.

நியாயமாகப் பார்த்தால் அவளைக் குறை சொல்ல முடியாது. இதற்கு முன் போன பயணங்களில் அவளுக்கு நாங்கள் காட்டிய இடங்கள் எல்லாம் சொந்தக்காரர்களின் வீடுகள். பீர்க்கன்கரணையில் சித்தி, பெருங்களத்தூரில் சித்தப்பா, பள்ளிக்கரணையில் பெரியப்பா மகன். போகாவிட்டால் யார் யார் கோபித்துக்கொள்வார்கள் என்பதுதான் எங்கள் சுற்றுலாத் திட்டம். ஒவ்வொரு வீட்டிலும் கண்ணாடி போட்ட ஷோகேஸ் இருக்கும். அதற்குள் தலையாட்டும் பொம்மை, யாரோ எப்போதோ வாங்கிய ஷீல்டு, பிரிக்காத டீ கப் செட், கல்யாண போட்டோ. தொட்டால் சித்தி "கண்ணு, அதைத் தொடாதே" என்பார். திரும்பிப்போய் மாயா வகுப்பில் எழுதிய கட்டுரையில், இந்தியாவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே மிக்சர் இலவசம் என்று எழுதியிருந்தாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

3

ஜனவரியில் கிளம்பினோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று அவர் சொன்ன வேகத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

பயணத்துக்கு முன்னால் காகித வேலை. குடியுரிமை மாறிப்போன எங்களைப் போன்றவர்களுக்கு இந்திய வம்சாவளி என்று ஓர் அட்டை தருகிறார்கள், அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் போய்வரலாம். என்னிடம் அது இருக்கிறது. மாயாவுக்கும் விண்ணப்பித்தோம். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போகக்கூடாது என்று எழுதியிருந்ததை அவள் படிக்கவில்லை. கையெழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது, விண்ணப்பம் திரும்பி வந்தது. மறுபடி அனுப்ப அவகாசம் இல்லாததால் அவளுக்கு டூரிஸ்ட் விசா எடுத்தோம். ஆக, காகிதப்படி நான் ஊருக்குத் திரும்பும் வம்சாவளி, என் மகள் ஊரைச் சுற்றிப்பார்க்க வரும் வெளிநாட்டுக்காரி. மீனம்பாக்கத்தில் இரண்டு பேரையும் வேறு வேறு வரிசைக்கு அனுப்பினார்கள்.

அண்ணன் காரோடு வந்திருந்தார். அண்ணன் ரவி ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா காலத்து நிலத்தில் மிச்சமிருந்த மனையில் வீடு கட்டி, மாடியில் குடிவைத்து, கீழே அவரும் விஜயா அண்ணியும் இருக்கிறார்கள். பையன் பெங்களூரில்.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போதே மாடியில் புதிதாகக் குடிவந்த அம்மா எட்டிப்பார்த்தார்.

"சார் தங்கச்சியா? எங்கேர்ந்து வர்றீங்க?"

"வெலிங்டன்" என்றேன்.

"அட, குன்னூர் பக்கத்துல இருக்கே, அதுவா? வீட்டுக்காரர் மிலிட்டரியா?"

ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கும். நீலகிரியில் ஒரு வெலிங்டன் இருக்கிறது, ராணுவ ஊர். தாம்பரத்தில் விமானப்படை நிலையம் இருப்பதால் இங்கே ஆளாளுக்கு மிலிட்டரி சம்பந்தம் வேறு. நான் நியூசிலாந்து என்று விளக்கினேன். அந்த அம்மா கொஞ்சம் ஏமாந்தமாதிரி இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மாயா விஷயத்துக்கு வந்தாள். "மாமா, எனக்குச் சென்னைல சைட் சீயிங் பண்ணணும்."

அண்ணன் புண்பட்டுப்போனார். "மெட்ராஸ்ல பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? பீர்க்கன்கரணை சித்தி உன்னைப் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

"சித்தியையும் பாக்கறேன் மாமா. மியூசியம், ஸூ எல்லாம் பாக்கணும்."

"ஓ, செத்த காலேஜு, உயிர் காலேஜு!" என்று அண்ணன் சிரித்தார். எங்கள் அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் மியூசியத்தையும் மிருகக்காட்சிசாலையையும் அப்படித்தான் சொல்வார்கள். செத்தவை இருக்கும் இடம் செத்த காலேஜ், உயிரோடு இருப்பவை உயிர் காலேஜ். மாயாவுக்கு அந்தப் பெயர்கள் ரொம்பப் பிடித்துவிட்டன. அண்ணனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் கம்முனு வாங்க" என்றார். நான் தொழில்முறையில் இதே வேலையைச் செய்பவள் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை, எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

4

அண்ணன் நாள் குறித்தார். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை. முதல்முதலாகக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறோம், நல்ல நாளாக இருக்கட்டும். உயிர் காலேஜ் வண்டலூரில், பக்கத்தில்தான், அதற்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் எவனும் கல்யாணம் காதுகுத்து வைக்கமாட்டான், அன்றைக்கு ஃப்ரீ.

வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கினோம். ரயிலில் மாயாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அண்ணி வெட்டிய கொய்யாவில் மிளகாய்த்தூள் தூவி வாங்கித் தந்தார். மியூசியம் வாசலில் இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் காசை வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "இன்னிக்கு வெள்ளிக்கெயம, லீவாச்சே."

"இதை ஏறும்போதே சொல்லக்கூடாதா?" என்றேன்.

"நீ மியூசியத்தாண்ட வுடுன்னு சொன்னே, வுட்டேன். உள்ள போறேன்னு எப்ப சொன்னே?"

அண்ணன் நம்பவில்லை. பூட்டின கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற காவலாளியிடம் போனார். "ஏம்ப்பா, நிஜமாவா லீவு?"

"ஆமா சார். போர்டு போட்டுக்கீது பாருங்க."

"வெள்ளிக்கிழமை எவனாவது லீவு வுடுவானா? ஊர்ல எல்லாக் கடையும் திறந்திருக்கு."

"இது கடையா சார்?"

 அண்ணன் கேட்டின் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தவறு முழுக்க எங்களுடையதுதான். வாராவாரம் வெள்ளிக்கிழமை லீவு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வெளியூரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள். உள்ளூர்க்காரர் எதற்குப் படிக்கவேண்டும்?

அதைத்தான் நான் சொல்லிவைத்தேன். "வெலிங்டன்ல வருஷத்துல ஒரே நாள்தான் மூடுவாங்க, கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும்."  அண்ணி "பசிக்குதா?" என்று மாயாவைக் கேட்டார். ஓட்டலில் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, வந்த ரயிலிலேயே திரும்பினோம்.

5

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலில் கார்களே இல்லை. "கூட்டமே இல்ல பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொண்டே காரை நிறுத்தினார். வெள்ளரிக்காய் விற்கிற ஓர் அம்மா மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கெயம லீவுண்ணா. எல்லாருக்கும் தெரியுமே?"

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய வீட்டிலிருந்து வெறும் சில மைல். பையன் சின்ன வயதில் இருந்தபோது வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இந்த வாசலைத் தாண்டித்தான் வெளியூருக்குப் போயிருக்கிறார், வந்திருக்கிறார்.

"எந்த ஊருண்ணா நீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

அண்ணன் ஒரு கணம் யோசித்தார். "விழுப்புரம்" என்றார்.

"அதானே பாத்தேன்" என்று அந்த அம்மா பரிவோடு ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நான்காகக் கீறி, உப்புத் தடவி, அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு மலிவாகவே கொடுத்தார்.

காரில் ஏறியதும் மாயா சிரிக்க ஆரம்பித்தாள். "செத்ததும் லீவு, உயிரோட இருக்கறதும் லீவு! மாமா, நீங்க எப்ப விழுப்புரம் போனீங்க?" அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். கடைசியில் அண்ணனும் சிரித்துவிட்டார். "வேற என்னம்மா சொல்றது? சேலையூர்னு சொன்னா காறித் துப்பியிருக்கும்." அன்றிலிருந்து வீட்டில் அண்ணனுக்கு விழுப்புரத்தார் என்று பெயர். மாயாதான் வைத்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. லீவில் பாதி நாள் போய்விட்டது, இவளுக்குக் காட்டியது ஒரு பூட்டிய கேட்டும் ஒரு வெள்ளரிக்காயும்தான். இதை வைத்துக்கொண்டு எப்படி 'நம்ம ஊர்' வரும்?

எனக்குத் தெரியாமல் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. காலையில் நான் எழுந்திருப்பதற்குள் மாயா அண்ணியோடு கேம்ப் ரோட்டுக்குப் போய்க் கீரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அண்ணனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பீர்க்கன்கரணை ஏரிக்கரை, இரும்புக்கடை, பாங்க் என்று எங்கும் போய்வந்தாள். மாடி வீட்டு அம்மாவோடு மோட்டார் போடுகிற விஷயத்தில் அண்ணிக்காகச் சண்டைகூடப் போட்டாள் என்று கேள்வி. நான் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லமாட்டாள், வீட்டில் இருக்கமாட்டாள். நான் தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அடுத்து என்ன காட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

6

ஒரு நாள் விடிந்ததும் அண்ணன் எங்களைப் பள்ளிக்கரணைக்குக் கூட்டிப்போனார். "இதுக்கு லீவே கிடையாது" என்றார். சதுப்பு நிலத்தின் ஓரமாகச் சாலையில் காரை நிறுத்தி இறங்கினோம். ஒரு பக்கம் லாரிகள். தூரத்தில் குப்பைமேடு. நடுவில் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீரும் கோரையும். அதில் கூட்டமாகப் பூநாரைகள், ஒற்றைக்காலில் நின்றபடி, இந்தச் சத்தம் எதுவும் தங்களைப் பற்றியது இல்லை என்பதுபோல. ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பையன்கள் பைக்கை நிறுத்தி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார்கள். மாயா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தாள். அண்ணனுக்கு ஒரே பூரிப்பு, இத்தனையையும் அவரே கொண்டுவந்து நிறுத்தியமாதிரி.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் என் வாய் அதன் வேலையைச் செய்தது.

"எங்க ஊர்ல இதுக்கெல்லாம் மரத்துல நடைபாலம் போட்டு, என்ன பறவைன்னு பலகை வச்சு, உக்கார பெஞ்சு போட்டிருப்பாங்க அண்ணா."

அண்ணன் பறவைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "எந்த ஊர்ல?"

"வெலிங்டன்லதான்."

"ஓ" என்றார். பிறகு, "உங்க ஊர்ல" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. அண்ணனுக்கு அது வராது. சரியாகக் கேட்டுக்கொண்டதை உறுதி செய்தார், அவ்வளவுதான். அதுதான் தாங்கமுடியவில்லை. இல்லை அண்ணா, வாய்தவறி வந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் மாயா திரும்பினாள். இந்த இரண்டு சொற்களுக்காக வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கிய பெண், அவள் காது தப்பவிடுமா?

"அம்மா கரெக்டாதான் சொன்னாங்க மாமா. என்கிட்ட சொன்னா நம்ம ஊர்ல. உங்ககிட்ட சொன்னா எங்க ஊர்ல. எனக்கு அம்மாதான் சொல்லிக்குடுத்தாங்க."

அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் மாயா வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் காத்திருந்த ஊர், என் வாயிலிருந்து எப்போது போனது என்றே எனக்குத் தெரியவில்லை. தகவல் மையத்தில் தினம் நூறு பேருக்கு 'எங்கள் ஊர்' என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சம்பளத்துக்குச் சொல்வது கணக்கில் சேராது என்றும் சொல்லிப் பார்த்தேன்.

7

திரும்புவதற்குச் சில நாள் முன்னால் மாயா ஒரு செய்தி சொன்னாள். டிக்கெட்டை மாற்றிவிட்டாளாம். டொரான்டோவில் சேரவேண்டிய நாள் வரைக்கும் சேலையூரிலேயே இருந்துவிட்டு, இங்கிருந்தே கிளம்பப்போகிறாளாம். அத்தை வடாம் போடக் கற்றுத்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்களாம். எனக்கு வானத்தில் பறக்கிறமாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழும்பூர். அண்ணன் முந்தின நாளே இரண்டு பேருக்குப் போன் போட்டு, ஞாயிறு திறந்திருக்கும் என்று உறுதி செய்துகொண்டார். டிக்கெட் தருமிடத்தில் இந்தியர், வெளிநாட்டவர் என்று தனித்தனியாகப் போட்டிருந்தது. "எல்லாம் நம்ம ஊர்தான்னு சொல்லி வாங்கிடலாம், நீ வாயைத் தொறக்காதே" என்று அண்ணன் மாயாவிடம் கிசுகிசுத்தார். அவள் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டாள். நான் என் அட்டையைக் காட்டினேன். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு இந்தியர் டிக்கெட்டும் மாயாவுக்கு வெளிநாட்டவர் டிக்கெட்டும் தந்தார்கள். அரசாங்கமே என் பக்கம் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்கு வந்ததும் அண்ணி வாசலில் செருப்பைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே வரிசையாக நடராஜர், பார்வதி, பெருமாள். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னாலும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அண்ணன் கைகட்டிக்கொண்டு பின்னால் போனார். திரும்பிப் பார்த்தால் மாயாவும் வெறுங்காலோடு இருந்தாள். அவளுடைய ஷூக்கள் வாசலில் அண்ணியின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தன. "அத்தை, இவங்களுக்கு ஏன் விளக்கு ஏத்தலை?" என்று கேட்டாள். "இங்க ஏத்த விடமாட்டாங்கடா கண்ணு, நாம மனசுல ஏத்திக்கலாம்" என்றார் அண்ணி. நான் ஷூ போட்டபடி பின்னால் நின்று, எந்த நூற்றாண்டு, எந்த ஊரில் கிடைத்தது என்று ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு வந்தேன். அடுத்த கப்பலுக்கு உதவும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் திமிங்கலம். அதே எலும்புக்கூடு. நான்காம் வகுப்பில் பார்த்ததைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. என் பச்சை வாட்டர் பாட்டில் இங்கேதான் தொலைந்தது என்று மாயாவிடம் சொன்னேன். அவள் குனிந்து மெனக்கெட்டுத் தேடுகிறமாதிரி நடித்தாள்.

பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. தலை நிறையப் பூ வைத்த ஓர் அம்மா, பேத்தியை இடுப்பில் வைத்திருந்தார். மாயா தமிழ் பேசும் விதத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"நாங்க திண்டிவனத்துலேர்ந்து வர்றோம். நீங்கல்லாம் எந்த ஊரும்மா?"

 மாயா என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் 'விழுப்புரம்' என்று சொல்லிவிடுவாரோ என்று வேறு பயம். மாயா யோசிக்கவே இல்லை. விளையாட்டாகக்கூடச் சொல்லவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள்.

"அம்மா வெலிங்டன். நாங்க சேலையூர்."

இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. எதிரில் நிற்பது திண்டிவனத்து அம்மா, அவரை வெளியே நிறுத்தினால் 'நாங்க'தான் வரவேண்டும். அந்த நாங்கவுக்குள் அண்ணன் இருந்தார், அண்ணி இருந்தார், என் மகள் இருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். எனக்கு அழுகை வந்தது. என் மகளுக்கு ஊர் கிடைத்த சந்தோஷமும் அதில் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

திண்டிவனத்து அம்மா பேத்தியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெலிங்டனா? குன்னூர் பக்கத்துல இருக்கே, அதுவா? குளிருமே அங்க!"

அண்ணன் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றேன். "எங்க ஊர்ல காத்துதான் ஜாஸ்தி."